நாற்பத்திரண்டு

ஞாயிறு முழுக்க நீ வேகவைத்தாய்.
சன்னலில் ஆவி படிந்து
எதிர்க் கட்டடம் கரைந்துபோனது.
பூசணி, கேரட், பீட்ரூட்,
தோல் சீவிய ஆப்பிள், பாசிப்பருப்பு.
மிக்ஸி ஓடிய ஒவ்வொரு முறையும்
அல்லி புதிதாய்த் திடுக்கிட்டாள்.

ஐஸ் தட்டுகளில் ஊற்றிவிட்டு
காற்றுக்குமிழி போகத் தட்டினாய்,
ஊசிக்கு முன் மருந்துக்குழலைத் தட்டுவாயே,
அதே விரலால்.
மறுநாள் இரவு கட்டிகளை உதிர்த்துப் பைகளில் போட்டு
நாடா ஒட்டிப் பெயரும் தேதியும் எழுதினாய்.
நாளைக்கு மூன்று, பதினான்கு நாள்,
நாற்பத்திரண்டு.
"உப்புப் போட்டுடாதே,"
பூட்ஸ் மாட்டிக்கொண்டே சொன்னாய்.
"ஒரு வயசு வரைக்கும்."
பிறகு சாலையே போகாத அந்த வட ஊருக்கு
பன்னிரண்டு பேர் ஏறும் விமானத்தில் போனாய்,
யார் யாருடைய பிள்ளைகளுக்கோ தடுப்பூசி போட.

காலண்டர் பார்ப்பதை விட்டுவிட்டேன்.
நீ வர எத்தனை நாள் என்று
ஃப்ரீசரைத் திறந்தால் தெரியும்.
முப்பத்தாறு.
இருபத்தேழு.
பீட்ரூட் நாளில் நாலு சட்டை அழுக்கு,
அதில் ஒன்று என்னுடையது.

ஒன்பதாம் நாள் இரவு மின்சாரம் போனது.
அல்லியை என் ஜாக்கெட்டுக்குள் இறக்கி ஜிப்பை இழுத்துவிட்டு
கைபேசி வெளிச்சத்தில் எண்ணினேன்: பதினைந்து.
பால்கனிக் கதவை ஒரு கை அளவு திறந்தேன்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
நம் ஃப்ரீசருக்குப் பதினெட்டுவரைதான் தெரியும்.
வின்னிபெக்கில் சூட்டுக்குத்தான் காசு,
குளிர் இலவசம்.
வாளிக்குள் பைகளை வைத்து
இட்லிப் பானை மூடியைக் கவிழ்த்தேன்.

விடிந்தபோது மூடி தள்ளிக் கிடந்தது.
ஒரு பை கிழிந்து, பனியில் சிவப்பாய் ஒரு கோடு.
கம்பியில் உட்கார்ந்து
அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது
வால் நீண்ட மேக்பை ஒன்று.
பதினான்கு.

பதின்மூன்றாம் நாள் நீ அழைத்தாய்.
படம் உறைந்து நின்றது, வாய் பாதி திறந்தபடி.
குரல் மட்டும் வந்தது:
புயல், விமானம் இல்லை,
வியாழன், இல்லாவிட்டால் வெள்ளி.
"எத்தனை இருக்கு?"
"இருக்கு," என்றேன்.
ஐந்து.

கடையில் கண்ணாடிக் குப்பியில் விற்கிறார்கள், தெரியும்.
போகவில்லை.
நாற்பது பேருக்குப் பிரியாணி போடுகிறவன்
நாலு கேரட்டின் முன்
கைகட்டி நின்றேன்.
தாளிக்க ஒன்றுமில்லை, வதக்க ஒன்றுமில்லை,
வெந்தால் முடிந்தது.
கை தன்பாட்டில் உப்பு ஜாடிக்குப் போய்
மூடியைத் திறந்து, மூடி,
வெறுமனே திரும்பி வந்தது.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று
எவன் சொன்னானோ, அவனுக்குப் பல் இருந்திருக்கும்.
நக்கிப் பார்த்தேன்.
கொஞ்சம் மண், கொஞ்சம் இனிப்பு.
கேரட் என்றால் இதுதான் போலிருக்கிறது;
முப்பத்திநாலு வருடம்
வேறெதையோ தின்றிருக்கிறேன்.

முதல் கரண்டியைத் துப்பினாள்.
இரண்டாவதை நாக்கில் உருட்டி
அரைபடாத துண்டொன்றைக் கண்டுபிடித்து
என்னை நிமிர்ந்து பார்த்தாள்,
புதிதாய் வேலைக்குச் சேர்ந்தவனை
முதலாளி பார்ப்பதுபோல்.
பிறகு விழுங்கினாள்.

மீதியைத் தட்டில் ஊற்றினேன், ஆறு குழி நிறைந்தது.
தட்ட மறந்துவிட்டேன், குமிழி இருக்கும்.
நீ வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல்
ஃப்ரீசரைத்தான் திறப்பாய்.
நாடாவில் என் கோணல் எழுத்து:

கேரட். செவ்வாய்.
அங்கங்கே கட்டி தட்டும்.
உப்பில்லை.